கூறைச்சேலையின் மறுமுனை

எக்ஸெடர், இங்கிலாந்து
18 அக்டோபர் 1936

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சாந்தாமணி வணங்கி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அய்யன், ஆத்தாள், நீங்கள், எருதுகள் எல்லாரும் சுகம் என்று உங்கள் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. எருதுகளையும் மனிதர்களோடு சேர்த்துவிட்டேன் என்று சிரிக்க வேண்டாம். மயிலைக் காளையின் கால் புண் ஆறியதா என்று நான் கேட்டு எவ்வளவு நாளாகிறது! நீங்களோ மழையைப் பற்றியே எழுதுகிறீர்கள்.

மழை இங்கேதான் கொட்டிக் கிடக்கிறது. நம் வெள்ளகோவில் காட்டுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய மழை இங்கே ஒரே வாரத்தில் வீணாகிறது. சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு. நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். ஆத்தாள் கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி தீரப் போகிறது. கரண்டி நுனியில் தொட்டுக்கொள்கிறேன்.

ஆசிரியப் பயிற்சி வகுப்பில் நான் ஒருத்திதான் இந்தியப் பெண். கேள்வி கேட்டால் பதில் தெரிகிறது, வாய்தான் திறப்பதில்லை. பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்த பள்ளிக்கூட நாளில் பூட்டிய வாய்; கோயமுத்தூரிலும் திறக்கவில்லை, மதராஸில் பி.ஏ. வாங்கியும் திறக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் எடித் என்ற பெண் என் நோட்டை எட்டிப் பார்த்து, நான் எழுதி வைத்த பதிலைத் தன் பதில் போல் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறாள்.

ஆனால் அண்ணா, வகுப்பு முடிந்த பிறகுதான் கஷ்டம். சாயங்காலம் ஆவதற்குள் இருட்டிவிடுகிறது. அறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. புத்தகத்தில் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். எடித்திடம் இதைச் சொன்னேன். காலுக்கு ஏதாவது வேலை கொடு என்று அவளுடைய சைக்கிளைத் தந்துவிட்டாள். முதல் நாள் முள்வேலிக்குள் விழுந்தேன். இரண்டாம் நாள் ஆத்தாள் கொடுத்த அரக்குச் சேலையின் கரையைச் சங்கிலி தின்றுவிட்டது. இப்போது நன்றாக ஓட்டுகிறேன். சேலையை வரிந்து கட்டி, மேலே முழங்கால் வரை கம்பளிக் கோட்டு. நம் அத்தை பார்த்தால் போலீஸ்காரன் வந்துபோட்டான் என்று கதவைச் சாத்திக்கொள்வாள்.

அந்தச் சைக்கிளில் போன இடத்தில்தான் இன்னொரு வேடிக்கை பிடித்துக்கொண்டது. எடித்தின் ஊர் பக்கத்துக் கிராமம். அங்கே மாதா கோயில் கோபுரத்தில் ஆறு பெரிய மணிகள். ஒவ்வொரு மணியும் ஒரு சக்கரத்தில் மாட்டித் தலைகீழாகச் சுழல்கிறது. கீழே ஆறு பேர் வட்டமாக நின்று, ஆளுக்கொரு கயிறாக, முறை தவறாமல் இழுக்க வேண்டும். அந்த நேரம் யாரும் பேசுவதில்லை, ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொள்வதோடு சரி. பேச வேண்டாத ஒரு கூட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நானும் வரட்டுமா என்று கேட்டுவிட்டேன்!

கயிற்றில் உயரமாகக் கம்பளி சுற்றிய பிடி ஒன்று உண்டு. அதை இழுத்ததும் விட்டுவிட வேண்டும். பிடி மேலே போகும், கயிற்றின் நுனி மட்டும் நம் கையில் இருக்கும். இவ்வளவுதான் பாடம். ஆனால் கயிறு என்றதும் என் உடம்பு நம் தோட்டத்துக் கிணற்றுக்குப் போய்விட்டது. சின்ன வயதில் நீங்கள் எருது பூட்டித் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டும்போது, எருதுகள் வாரிச் சரிவில் இறங்க, உங்கள் முன்னால் வடத்தின் மேல் என்னையும் உட்கார வைத்துக்கொள்வீர்களே. அந்தப் பழக்கத்தில் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தேன். விடவில்லை. மேலே மணி திரும்பியது. நான் தரையை விட்டுக் கிளம்பிவிட்டேன் அண்ணா. எல்லாரும் விடு விடு என்று இங்கிலீஷில் கத்துகிறார்கள். எனக்கு இங்கிலீஷ் புரிகிறது. ஆனால் காதுக்குள் உங்கள் குரல்தான் கேட்கிறது: "புடியை உட்டுப்போடாதே அம்மணி, உழுந்து போடுவே!" கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்க்கப் போனேன். பிறகு தொப்பென்று விழுந்தேன். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துவிட்டது. மணி அடிக்கும் கூட்டத்துக்குத் தலைவர் எடித்தின் சித்தப்பா, ரொட்டிக்கடைக்காரர். எல்லாரும் முதலில் பறப்பார்கள், ஆனால் இவ்வளவு பிடிவாதமாகப் பறந்தவளை நான் பார்த்ததில்லை என்றார். கை ஆறிவிட்டது. வாராவாரம் போகிறேன்.

இதைச் சின்னாத்தாள் அத்தைக்கு வாசித்துவிடாதீர்கள். நான் கிறிஸ்துவ வேதத்தில் சேர்ந்துவிட்டேன் என்று சந்தைக்குப் போகும் வண்டியிலெல்லாம் சொல்லி அனுப்புவாள். நான் மணி மட்டும்தான் அடிக்கிறேன். திருநீறு டப்பா தலைமாட்டிலேயே இருக்கிறது.

காங்கேயம் பக்கம் பெண் பார்த்துவிட்டு வந்தோம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அந்தப் பெண் வள்ளியாத்தாள் முறுக்குத் தட்டு கொண்டுவந்ததை அடுத்த பக்கத்தில் எழுதி, கடிதம் முடியும் இடத்தில் மறுபடியும் அந்த முறுக்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது. மாரியம்மன் துணை இருக்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கை
சாந்தாமணி


எக்ஸெடர்
29 நவம்பர் 1936

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கையின் வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. தை கடைசியில் கல்யாணம் என்று படித்ததும் மாடிப்படியில் இறங்கி ஓடி எடித்தைக் கட்டிக்கொண்டேன். என்னை இங்கே யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டுக்காரி டீக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"நீ வராம இணைச்சீரு ஏது? என்ற கக்கத்துல இருக்கிற சேலைக்கு மறுமுனைய ஆரு புடிப்பாங்க? பெரியப்பன் ஊட்டு நஞ்சம்மாள் இப்பவே நகை எடுத்துத் தொடைச்சு வெச்சுட்டா" என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. எடித் என்ன என்று கேட்டாள். மணவறைக்குப் போகும் முன் மாப்பிள்ளைக்கும் அவன் கூடப் பிறந்தவளுக்கும் ஒரு சீர் உண்டு என்றும், கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணனிடமும் மறுமுனை தங்கையிடமும் இருக்குமென்றும், என் மகளை உன் மகனுக்குத் தருகிறேன் என்ற வாக்கு அதில் அடக்கம் என்றும் சொன்னேன். உனக்கு ஏது மகள் என்றாள். இல்லாவிட்டாலும் அப்படித்தான் என்றேன். சற்று யோசித்துவிட்டு, அண்ணன் பெண்டாட்டி வந்த பிறகும் நீ அந்த வீட்டுக்காரிதான் என்பதற்கு எழுதிக்கொள்ளும் பத்திரமா என்று கேட்டாள். இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன். அன்றைக்கு அந்தச் சீரில் உட்காருகிறவளுக்குத்தான் பிறகு உங்கள் வீட்டு நல்லது ஒவ்வொன்றிலும் முதல் தாம்பூலம். நஞ்சம்மாள் அக்காள் நகையைத் துடைப்பதில் தப்பே இல்லை.

ஜனவரி முதல் வாரக் கப்பலுக்கு வா, கல்யாணம் முடிந்ததும் திரும்பிப் போய்க்கொள்ளலாம் என்று அய்யன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போக வர இரண்டு மாதம் ஓடிவிடும். ஜூன் பரீட்சைக்கு என்னைச் சேர்ப்பார்களா என்று கல்லூரியில் கேட்டேன், சேர்க்க மாட்டார்கள். அதைக் கூடத் தாங்கிக்கொள்வேன், அடுத்த வருஷம் எழுதலாம்.

அண்ணா, உங்கள் கடிதத்தை இன்றைக்கு மறுபடி படித்தேன். மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை வரை போய், பாதியில் நிறுத்தி, கோட்டுப் பையிலிருந்து எடுத்து மறுபடி படித்தேன். ஆத்தாள் என் வளையல் அளவு கேட்கிறாள் என்று ஒரு வரி. கூறைக்கு நெசவுக்காரரிடம் இரண்டு சேலை சொல்லியாயிற்று என்று இன்னொரு வரி.

ஒரு மணவறைக்கு இரண்டு கூறை எதற்குங்க அண்ணா?

வள்ளியாத்தாளுக்கு அண்ணன் ஒருவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். திருப்பூரில் பஞ்சு அரைவை மில் வைத்திருக்கும் மாரப்பன். போன வருஷம் தேர்த் திருவிழாக் கடையில் நம் அய்யனிடம் பேசிக்கொண்டிருந்தாரே. நான் வளையல் பார்ப்பது போல் நின்று கேட்டேன். "பொட்டப்புள்ளைக்குப் படிப்பு நெம்ப நல்லதுங்க. கல்யாணத்துக்கப்புறம் வேணும்னா ஊட்டுலயே நாலு பொஸ்தகம் வாங்கிப்போட்டாப் போச்சு" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகாயத் தபாலில் உடனே எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள். போன சனிக்கிழமை மணி அடிக்கும்போது என் முறையை இரண்டு தடவை தவறவிட்டேன். எல்லாருடைய கையும் தெரிகிறது, என் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்
சாந்தாமணி


எக்ஸெடர்
27 டிசம்பர் 1936

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கையின் வணக்கம். இதை முதலில் நீங்கள் தனியாகப் படித்துவிடுங்கள். பிறகு அய்யனுக்கும் ஆத்தாளுக்கும் ஒரு வரி விடாமல் வாசியுங்கள். வழக்கம் போல் இடையில் தாண்டிப் போக வேண்டாம்.

உங்கள் பதில் வந்தது. மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று அவர்கள் கேட்டார்கள், அய்யன் வாக்குக் கொடுத்துவிட்டார், எனக்குத் தெரியாமல் ஒரே பந்தலில் இரண்டு கல்யாணத்தையும் முடித்துவிடலாம் என்று பேச்சு. நான் வராவிட்டால் வள்ளியாத்தாளையும் தரமாட்டார்கள். "ரண்டு கூறைன்னு வேணும்னுதான் எழுதினேன். தெரியாம வந்து நீ நிக்கக் கூடாதுன்னு" என்று எழுதிய அண்ணனே, கடைசியில் "இனி உன்ற இஷ்டம்" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தின் ஆரம்பத்தில் "செல்வி சாந்தாமணி பி.ஏ. அவர்களுக்கு" என்று இருந்தது. இவ்வளவு வருஷத்தில் நீங்கள் எனக்கு எழுதிய எந்தக் காகிதமும் அம்மணி என்று தொடங்காமல் இருந்ததில்லை. படித்துவிட்டு உறையைத் திருப்பிப் பார்த்தேன், வேறு யாருக்கோ வந்ததோ என்று.

உங்கள் கோபம் எனக்குத் தெரியாதா? அந்த முறுக்குத் தட்டை நான் மறக்கவில்லை. என்னைப் படிக்க வைக்க வேண்டும் என்று அய்யனிடம் வாதாடி, உங்கள் படிப்பை எட்டாவதோடு நிறுத்திக்கொண்டு ஏர் பிடித்தவர் நீங்கள். இப்போது உங்களுக்கு என்று ஒன்று வரும்போது நான் குறுக்கே நிற்கிறேன்.

கப்பல் டிக்கெட் விற்கும் ஆபீஸ் இங்கே கடைவீதியில் இருக்கிறது. அதன் வாசல் வரை சைக்கிளில் போனேன், திரும்பினேன். மறுநாள் மறுபடி போனேன். உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்துத் தலையாட்டத் தொடங்கிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் உள்ளேயே போய்விட்டேன். எந்த ஊர் என்றார். கப்பல் பம்பாய்க்குத்தான் போகிறது, என் வாயிலிருந்து வந்தது வெள்ளகோவில். அவர் தேசப் படத்தில் தேடினார். பாவம், எப்படிக் கிடைக்கும்? மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் வரவில்லை அண்ணா. ஜூன் பரீட்சை எழுதிவிட்டுத்தான் வருவேன். வந்து நம் பக்கத்திலேயே பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது கூறையாக வரமாட்டேன், அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தினால் உங்கள் கல்யாணம் என்னவாகும்? அதனால் ஒரு காரியம் செய்துபோட்டேன். மாரப்பனுக்கு நானே கடிதம் எழுதித் திருப்பூர் மில் விலாசத்துக்கு அனுப்பிவிட்டேன். அத்தை தலையில் அடித்துக்கொள்ளட்டும். வகுப்பில் வாய் திறக்காதவள் இதைச் செய்தாளா என்று எனக்கே ஆச்சரியம். அதில் ஒளிவு ஒன்றுமில்லை. "உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. நான் படிப்பைப் பாதியில் விட மாட்டேன், கல்யாணத்துக்குப் பிறகு வேலையையும் விட மாட்டேன், அப்படிப்பட்ட பெண் உங்கள் வீட்டுக்குச் சரிப்படாது. இது என் அய்யன் வாக்குத் தவறியது அல்ல, என்னைக் கேட்காமல் கொடுத்த வாக்கு. உங்கள் தங்கையும் என் அண்ணனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அந்த முடிச்சை இதோடு சேர்த்துப் போட வேண்டாம். கோபம் இருந்தால் என் மேல் வையுங்கள், நான் தூரத்தில் இருக்கிறேன், தாங்கிக்கொள்வேன்" என்று எழுதினேன். அவர் என்ன செய்வாரோ தெரியாது. படிப்பு நல்லது என்று சொன்ன மனிதர், படித்தவள் எழுதியதை ஒரு தடவை படித்தாவது பார்ப்பார்.

இணைச்சீருக்கு நஞ்சக்காளை உட்கார வையுங்கள். எனக்காகக் காலியாக விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இனி உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் முதல் தாம்பூலம் அவளுக்குத்தான் என்பதும், நான் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பேன் என்பதும் தெரிந்தேதான் சொல்கிறேன். இதை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு அறைக்குள்ளேயே நடந்தேன். மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன். அவளையே உட்கார வையுங்கள். சேலை முனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவளுக்குக் கையில் வேர்வை அதிகம்.

மணி இப்போது நன்றாக வருகிறது. நேற்று ஒரு தடவை கூட முறை தவறவில்லை. கம்பளிப் பிடியை எப்போது விட வேண்டும் என்று கைக்கே தெரிந்துவிட்டது. விட்டதும் அது தலைக்கு மேல் எட்டாத உயரத்துக்குப் போகிறது. முதலில் அதைப் பார்க்கப் பயமாக இருக்கும். கயிற்றின் நுனி நம் கையில் இருப்பதால் பிடி தானே இறங்கி வந்துவிடுகிறது.

ஜூலைக் கடைசியில் திருப்பூர் ஸ்டேஷனில் இறங்குவேன். என்னை வண்டி ஏற்றிவிட்டபோது, ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தீர்களே, அதே இடம். அய்யன் வர வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். மயிலையைப் பூட்டிக்கொண்டு நீங்கள் வாருங்கள். அண்ணியும் கூட வந்தால் முன்னால் அவள் உட்காரட்டும், நான் பின்னால் பெட்டியோடு வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு கடிதம் போடுங்கள். கல்யாணம் நடந்ததா இல்லையா என்று கூட இரண்டாவது வரியில் எழுதுங்கள், நான் பொறுத்துக்கொள்வேன். முதல் வரியில் மட்டும் அம்மணி என்று எழுதுங்கள்.

நீங்களும் அண்ணியும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

சாந்தாமணி