பதினெட்டாவது மரம்

அன்பு மகள் யாசுவானுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உடம்புக்குப் பெரிய குறை இல்லாமல் இருக்கிறோம், வான்கூவரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் முன்னோர் பலகைக்கு ஊதுபத்தி ஏற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் பேசினால் அம்மா பக்கத்தில் நின்று கேட்பாள், எனக்கும் பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன். ஒன்றும் விட்டுப்போகாமல் இருக்க முதலில் தலைப்புகளைப் போட்டுக்கொள்கிறேன்.

1. உன் தம்பி போஷெங்கின் கை முறிந்துவிட்டது, உயிருக்கு ஆபத்து இல்லை.
2. தோட்டப் படம் வரைய எந்த மென்பொருள் வாங்குவது என்று நீ கேட்டதற்குப் பதில்.
3. படம் வெளியே போனது போஷெங்கின் கவனக்குறைவு. மாமாவின் கோபத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு.
4. வெள்ளிக்கிழமை சமரசக் கூட்டம்.

இடது முன்கையில் இரண்டு எலும்பும் போய்விட்டன, உள்ளே தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள், ஆறு வாரம் கட்டோடு இருக்க வேண்டும். முகத்தில் தையல் ஐந்து. தன் அறையிலேயே கடைச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறான், தூங்குகிறான், யாரோடும் பேசுவதில்லை.

மென்பொருள் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும், ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்பியது. உனக்குத் தெரியும், தோட்டம் அமைத்துக் கொடுக்கிற நம் தொழிலில் மரம் தோண்டுவது நடுவது எல்லாம் உன் ஜின்ஃபா மாமா கையில், படமும் வாடிக்கையாளரும் தம்பி கையில். கையால் வரைந்தது போதும் என்று மாமா, போதாது என்று தம்பி, இரண்டு மாதம் இழுபறி. கடைசியில் மாமாதான், "அத்தான், நீங்க முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவரு, நீங்களே ஒன்னப் பாத்துச் சொல்லுங்க, அதையே வச்சுக்கலாம்" என்றான், தம்பியும் சரி என்றான். இருவரும் ஒத்துப்போன கடைசி விஷயம் அதுதான். முப்பது நாள் இலவசமாகப் பழகிப் பார்க்கத் தருகிற இரண்டை எடுத்துக்கொண்டு, நீ சொன்னபடி பன்னிரண்டு கேள்விகள் எழுதி மதிப்பெண் போட்டேன். முதலாவதில் படம் அற்புதம், தோட்டத்துக்குள் நடந்தே போகலாம், ஆனால் அதில் உள்ள மரங்களில் பாதி பனி பெய்கிற ஊர் மரங்கள், பணக்கார வீட்டு வாசலுக்கெல்லாம் கேட்கிற நம் லுவோஹான் மரத்தைத் தேடினால் வேறு ஏதோ ஊசியிலையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது, நம் பழைய கணினியும் மூச்சு வாங்குகிறது. இரண்டாவதில் படம் பள்ளிப் பாடநூல் போலச் சப்பென்று இருக்கும், ஆனால் சரிவு, வடிகால், குழியின் ஆழம் எல்லாம் சரியாக வருகிறது, அச்சடித்துக் கொடுத்தால் வேலையாட்கள் நாடாவைப் பிடித்து அப்படியே நட்டுவிடலாம், எத்தனை மரம், என்ன உயரம், எவ்வளவு இடைவெளி என்று பட்டியலையும் அதுவே போட்டுவிடும். எழுபத்தொன்றுக்கு எண்பத்து நான்கு, இரண்டாவதே வென்றது. மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே, பழகுவதற்காக, குழாய்த் தொழிற்சாலை முதலாளி வெய் வீட்டுக்குத் தம்பி வரைந்த படத்தை இந்த இரண்டாவதில் நகலெடுத்துக்கொண்டேன். அதில் மரம் வைத்துப் பார்க்கும்போது சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு கற்பூர மரம் உட்கார்ந்துவிட்டது, எடுக்கத் தெரியவில்லை, எதையாவது அழுத்தி எல்லாமே போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாவது. நம் ஊர் தியன்வெய்யில் தோட்டப் படத்துக்குக் கூலி வாங்கும் வழக்கம் இல்லை, அதனால் யாரும் படத்தைக் கையில் கொடுப்பதும் இல்லை, காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம், வேலை உறுதியான பிறகுதான் அளவுகள். வெய் வீட்டுக்காரர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று மூன்று வாரம் இழுத்தார்கள். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை மாமா பாரந்தூக்கி லாரியை வாசலில் விட்டுவிட்டு இயந்திரத்தைக்கூட நிறுத்தாமல் உள்ளே வந்தான், கையில் வேர்மண்ணைப் பெயர்க்கிற கடப்பாரை. "போய்ப் பாருடா வெய் வீட்ட! நமக்குப் போட்டியா எதிர்த்த தெருவுல தொழில் பண்றானே ஹோங், அவன் நட்டுக்கிட்டிருக்கான்! பாறை உன் பாறை, வளைவுல மூணு, வாய்க்கால் ஓரத்துல ஏழு, அடி பிசகாம உன் படம்! எறங்கி எண்ணிட்டு வந்தேன், பதினெட்டு மரம்! சமையக்கட்டு ஜன்னல அடைச்சு ஒன்ன நட்டு வச்சிருக்கான் பாரு, எந்த மடையன்டா அங்க மரம் வைப்பான்!" தம்பி எழுந்து, "நான் யாருக்கும் அனுப்பல மாமா" என்றான். "பின்ன உன் பொட்டி எந்திரிச்சுத் தானா நடந்து போச்சா? பொய் வேற சொல்றியா?" என்று கேட்டுக்கொண்டே கடப்பாரையைக் கணினித் திரை மேல் இறக்கினான், கண்ணாடி என் காது வரை வந்து குத்தியது. இரண்டாவது அடி கணினிப் பெட்டிக்கு ஓங்கியது, தம்பி குறுக்கே கையைக் கொடுத்துவிட்டான். பச்சை மூங்கில் முறிகிற மாதிரி சத்தம், யாசுவான், இப்போதும் அம்மா அடுப்படியில் எதையாவது ஒடித்தால் எனக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. தம்பி கத்தவில்லை, தொங்குகிற கையோடு வெளியே போய்க் கோடரியை எடுத்து, மாமா யார் கேட்டும் விற்காமல் வைத்திருக்கிற அந்த லுவோஹான் மரத்தை ஒற்றைக் கையால் வெட்ட ஆரம்பித்தான். மூன்று வெட்டு, சிம்புகள் பறந்தன. மாமா அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்து, புதிதாகத் தோண்டிய குழியின் சேற்றில் முகத்தை அழுத்தி, முதுகில் முட்டியை வைத்து உட்கார்ந்துகொண்டு, "ஒத்துக்கடா, நான்தான் அனுப்பினேன்னு சொல்லுடா" என்று கத்தினான். தம்பி வாயில் மண்ணோடு, "செத்தாலும் சொல்ல மாட்டேன், செய்யாதத எதுக்குச் சொல்லணும்" என்றான், மாமா மறுபடி அழுத்தினான். வேலையாட்கள் மண்வெட்டியோடு நின்றார்களே தவிர ஒருவரும் கிட்டே வரவில்லை. உன் அம்மாதான் தண்ணீர் லாரியின் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்து முழு வேகத்தில் மாமா முகத்திலேயே பீய்ச்சினாள். "நாய்ங்களா! ஒருத்தன் எங்கூடப் பொறந்தவன், ஒருத்தன் என் வயித்துல பொறந்தவன், ரெண்டு பேரும் செத்துத் தொலைங்க, நான் நிம்மதியா இருக்கேன்!" மாமா மூச்சுத் திணறி விழுந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை, தம்பி மேலும் தண்ணீரை அடித்தாள். குழித் தண்ணீர் சிவப்பாக இருந்தது.

நான் எங்கே இருந்தேன் என்று நீ கேட்பாய். மேசைக்கு அடியில் இருந்தேன், திறந்த கதவு வழியே எல்லாம் தெரிந்தது. மதிப்பெண் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஊர் அலுவலகத்தில் சமரசக் குழு கூப்பிட்டிருக்கிறது. அங்கே முடியாவிட்டால் தம்பி வழக்குப் போடுகிறான், மாமா சிறைக்குக்கூடப் போகலாம். மாமாவோ, தம்பி மன்னிப்புக் கேட்கிற வரை அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லி, தன் மரங்களுக்கெல்லாம் சிவப்பு நாடா கட்டிக்கொண்டிருக்கிறான், பிடுங்கிக்கொண்டு போவதற்கு. அம்மா இருவருக்கும் சோறு எடுத்து மூடிவைக்கிறாள், இருவரும் வருவதில்லை, மறுநாள் இரண்டையும் கோழிக்குப் போடுகிறாள்.

நீ விடுப்பு எடுத்து வர வேண்டாம். குளிர் வந்துவிட்டது, குழந்தைக்குக் காதை மூடு. உன் பழைய முதுகுவலிக்குக் கனமான பையைத் தூக்காதே. முன்னோர்கள் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும்.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு முடிப்பதாக இருந்தேன். பிழை இருக்கிறதா என்று முதலிலிருந்து படித்தேன். போஷெங் வரைந்த படத்தில் மரங்கள் பதினேழு. மாமா எண்ணியது பதினெட்டு. ஜன்னலுக்கு எதிரே இருக்கும் மரம் என் நகலில் மட்டும்தான் உண்டு. தம்பி வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் வெய்யின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டு, "வாத்தியாரே, படம் ரொம்ப அழகு, எங்க மாமியாருக்குக் காட்டணும், அனுப்பி வைங்களேன்" என்றாள். எனக்குப் பன்னிரண்டாவது கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது, வரைந்ததைப் பட்டியலோடு வெளியே அனுப்ப முடிகிறதா என்பது. அழுத்தினேன். ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது என்றாள். பத்துக்குப் பத்து போட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை ஜன்னல் என்று மாமா சொன்ன உடனேயே எனக்குத் தெரியும், அப்போது தம்பியின் கை முழுசாக இருந்தது.

ஆகவே மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. போஷெங் அனுப்பவில்லை, நான் அனுப்பினேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வெள்ளிக்கிழமை போயிருக்கும், சமரசக் குழுவில் எழுந்து இதைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். என்னை உனக்குத் தெரியும். படித்த உடனே தம்பியைக் கூப்பிட்டு, அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேள். இல்லை என்றால் இதை அவனுக்கு அனுப்பிவிடு.

இப்படிக்கு,
அப்பா