"வளர்ச்சி இல்லை" என்று நான் பதிந்த மூன்று முடிவுகள்

அனுப்புநர்
முதுநிலை ஆய்வக நுட்புநர்,
பூஞ்சைப் பிரிவு, நுண்ணுயிரியல் துறை,
பழைய கட்டடம், மூன்றாம் தளம் (லிஃப்ட் இரண்டாம் தளத்தோடு நின்றுவிடும்).

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
மருத்துவமனை மற்றும் ஆராய்ச்சி நிலையம்.

பொருள்: மூளைப் பூஞ்சைத் தொற்று பற்றிய ஆய்வுக் கட்டுரையில் ஒன்பதில் மூன்று முடிவுகள் செல்லாதவை – கட்டில் 11 நோயாளியின் மருந்தை வரும் திங்கட்கிழமை நிறுத்தாதிருக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நரம்பியல் அறுவைப் பிரிவுத் தலைமை மருத்துவர் வெளியிட்ட கட்டுரை. 2. எங்கள் கையெழுத்துப் பதிவேடு, பக்கங்கள் 112, 131, 140, 163.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இந்த ஆய்வகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நோயாளிகளின் உடலிலிருந்து வரும் திசுவைத் தட்டில் வைத்து, நான்கு வாரம் காத்திருந்து, என்ன முளைக்கிறது என்று பார்ப்பது என் வேலை. வீட்டில் ரொட்டி பூசணம் பிடித்தால்கூட அது என்ன இனம் என்று பார்த்துவிட்டுத்தான் நான் குப்பையில் போடுவேன் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பூஞ்சை விஷயத்தில் நான் அவசரப்படுகிற ஆள் இல்லை என்பதைத் தாங்கள் அறியவே இதைக் குறிப்பிடுகிறேன்.

2. தலைமை மருத்துவர் அவர்கள் மூளை அறுவையிலும் பூஞ்சைத் தொற்றிலும் நாற்பத்து மூன்று கட்டுரைகள் எழுதியவர். அவற்றின் முதல் பக்கங்கள் நூலகத்துக்கு வெளியே கண்ணாடிப் பலகையில் இருப்பதைத் தாங்கள் தினமும் கடந்து செல்கிறீர்கள். படியேறி எங்கள் ஆய்வகத்துக்கு வந்து, தானே நுண்ணோக்கியில் குனிந்து பார்க்கும் அறுவை மருத்துவர் அவர் ஒருவர்தான். அவர் மீது எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. மரியாதை உண்டு. இந்த மனுவை எழுத மூன்று வாரம் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

3. பார்வை ஒன்றில் கண்ட கட்டுரை சொல்வது இது: மூளையில் பூஞ்சைக் கட்டி வந்த ஒன்பது பேருக்கு அறுவை செய்து மருந்து கொடுத்தார்கள். நான்காவது வாரம், கட்டி இருந்த இடத்திலிருந்து ஊசி மூலம் மீண்டும் திசு எடுத்து எங்களுக்கு அனுப்பினார்கள். ஒன்பதிலும் "வளர்ச்சி இல்லை". ஆகவே எட்டு வாரத்தில் மருந்தை நிறுத்திவிடலாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீட்டி ஈரலைக் கெடுக்க வேண்டியதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் மகிழ்ந்தேன்.

4. முதல் அறுவையில் சீழ் நிறைய வரும். அதனால் இரண்டு பாட்டில்: நோய்க்குறியியல் துறைக்கு ஃபார்மலினில் ஒன்று, எங்களுக்கு உப்புநீரில் ஒன்று. இரண்டாம் முறை ஊசியில் வருவதோ கடுகளவு. அப்போது அறுவை அரங்கில் ஒரு வழக்கம் இருக்கிறது. இருப்பதை ஒரே பாட்டிலில் போட்டுவிட்டு, "அப்புறம் அவங்களே பிரிச்சுப்பாங்க" என்று விட்டுவிடுவார்கள். அந்த ஒரே பாட்டில் சில நாள் உப்புநீர்ப் பாட்டில். சில நாள் ஃபார்மலின் பாட்டில். கைக்கு எது அகப்படுகிறதோ அது. ஃபார்மலின் திசுவைக் கெடாமல் காக்கும், கூடவே அதிலுள்ள பூஞ்சையைக் கொன்றும்விடும். அப்படி வந்த திசுவைத் தட்டில் வைத்து நான்கு வாரமல்ல, நான்கு வருடம் காத்திருந்தாலும் ஒன்றும் முளைக்காது. மூடியைத் திறந்ததும் கண் எரியும். சந்தேகத்துக்கே இடமில்லை.

5. அந்த ஒன்பதில் மூன்று அப்படி வந்தவை. மூன்று முறையும் பதிவேட்டில் "ஃபார்மலினில் வந்தது, வளர்ப்புக்குத் தகுதியற்றது" என்று என் கையால் எழுதியிருக்கிறேன். ஆனால் மருத்துவர்கள் பார்ப்பது பதிவேட்டை அல்ல, கணினியை. கணினியில் இரண்டே கட்டங்கள்: "வளர்ச்சி உண்டு", "வளர்ச்சி இல்லை". மூன்றாவது கட்டம் கிடையாது. இருபத்தெட்டாம் நாள் எதையாவது அழுத்தாவிட்டால் அந்த வரி சிவப்பாகிவிடும். துறைத் தலைவருக்கு நினைவூட்டல் போகும். அவர் எனக்கு போன் செய்வார். மூன்று முறையும் "வளர்ச்சி இல்லை" என்பதை அழுத்தியவள் நான். வளரவில்லை என்பது உண்மைதானே என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

6. கட்டுரையில் நான்காம் நோயாளி என்று குறிப்பிடப்படுபவர் ஒரு பேருந்து நடத்துநர். எட்டாம் வாரம் மருந்து நிறுத்தப்பட்டது. குணமானவர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். கட்டுரை வெளிவந்த இரண்டாம் மாதம் தலைவலியோடு திரும்பி வந்தார். இம்முறை திசு உப்புநீரில் வந்தது. பதினோராம் நாள் தட்டில் கறுப்பு வெல்வெட் துணி போல ஒரு வட்டம் படர்ந்திருந்தது. முதல் அறுவையில் நான் பார்த்த அதே பூஞ்சை. அன்று பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். இடையில் வந்த அவருடைய திசு, பக்கம் 131இல், ஃபார்மலினில் வந்த மூன்றில் ஒன்று. அவர் முதலில் பேச்சை இழந்தார். பத்தொன்பது நாள் கழித்து இறந்தார்.

7. பதிவேட்டை எடுத்துக்கொண்டு தலைமை மருத்துவரிடம் சென்றேன். பொறுமையாகக் கேட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். பிறகு, "கணினியில வளர்ச்சி இல்லைன்னு போட்டது யாரும்மா?" என்றார். நான்தான் என்றேன். "அப்போ நான் எதை வச்சு எழுதறது, சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கட்டுரையைத் திருத்துவது பற்றி யோசிப்பதாகச் சொன்னார். மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் துறைத் தலைவரோ, "ஏம்மா வம்ப விலை கொடுத்து வாங்குறீங்க? முதல்ல மாட்டப்போறது நீங்கதான்" என்றார். அதில் தவறில்லை.

8. இப்போது கட்டில் 11. அச்சகத்தில் காகிதம் வெட்டும் தொழிலாளி, வயது முப்பத்தாறு. அவருடைய இரண்டாம் திசுவும் ஃபார்மலினில்தான் வந்தது (பக்கம் 163). அன்றே அறுவை அரங்குக்கு போன் செய்து வேறு திசு கேட்டேன். "மறுபடியும் அவர் தலையில ஊசி போடச் சொல்றீங்களா?" என்று செவிலியர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயமே. திங்கட்கிழமை இருபத்தெட்டாம் நாள். "வளர்ச்சி இல்லை" என்று வந்தால், கட்டுரையின்படி அன்றே மருந்து நிறுத்தப்படும். நான் அழுத்த மாட்டேன். ஆனால் நான் விடுப்பில் இருந்தால் வேறு ஒருவர் அழுத்துவார்.

9. அவருடைய மனைவி நாள் தவறாமல் படியேறி எங்கள் ஜன்னலுக்கு வருகிறார். "ஒண்ணும் முளைக்கலதானே, அக்கா?" என்று கேட்கிறார். முளைக்கவில்லை என்றால் அவர் முகம் மலர்கிறது. ஐயா, இருபது நாளுக்கு மேல் நான் அந்தப் பெண்ணிடம் முளைக்கவில்லை என்று சொல்லி வந்திருக்கிறேன். இன்று காலைதான் உள்ளே அழைத்து, பாட்டிலைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். அவர் அழவில்லை. "இதை யார்கிட்ட சொல்லணும்?" என்று மட்டும் கேட்டார். ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

10. கோருவன: கட்டில் 11 நோயாளிக்கு மருந்து தொடர வேண்டும், மறு திசு எடுத்தே தீர வேண்டுமென்றால் உப்புநீர்ப் பாட்டிலுடன் நானே அரங்க வாசலில் நிற்கிறேன். கட்டுரையை நம்பி மருந்து நிறுத்தப்பட்ட மற்றவர்களையும், மீதி இரு நோயாளிகளையும் (பக்கங்கள் 112, 140) உடனே வரவழைத்துப் பார்க்க வேண்டும். கட்டுரையில் திருத்தம் வெளியிட வேண்டும். கணினியில் மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும்.

11. புகார் மனு என்றால் யார் மீது என்று எழுத வேண்டும் என அலுவலகத்தில் சொன்னார்கள். அறுவை அரங்கின் வழக்கத்தின் மீதும், மேற்படி மூன்று முடிவுகளைப் பதிந்த பூஞ்சைப் பிரிவு முதுநிலை நுட்புநர் மீதும் விசாரணை நடத்தக் கோருகிறேன். இரண்டாமவர் ஒத்துழைப்பார். ஆனால் விசாரணை அடுத்த மாதம்கூட நடக்கலாம். மருந்து பற்றிய உத்தரவு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் வார்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இடம்: பூஞ்சை ஆய்வகம்
நாள்: 14ஆம் தேதி, வியாழக்கிழமை

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
முதுநிலை ஆய்வக நுட்புநர்

இணைப்பு:
1. பதிவேட்டுப் பக்கங்களின் நகல் – 4.
2. நடத்துநரின் வளர்ப்புத் தட்டு, புகைப்படம் – 1. (தட்டு என் பொறுப்பில் பத்திரமாக உள்ளது.)
3. மேற்படி கட்டுரையின் கடைசிப் பக்கம் – 1. "துல்லியமான பணிக்காக" என்று எனக்கு நன்றி கூறப்பட்டுள்ள பக்கம். என் கணவர் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.