இறுக்கி மூடிய மூடி

வீட்டு வேலை முழுவதையும் ஒற்றை ஆளாய் இழுத்துப் போட்டுச் செய்யும் என் மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே நான் வேலை பார்க்கும் தோட்டத்தில் ஒரு கூத்து நடந்தது. என் புல் வெட்டும் மெஷின் ஸ்டார்ட் ஆகும், ஐந்து நிமிடம் ஓடும், அப்படியே நின்றுவிடும். பிளக்கைத் துடைத்தேன், ஃபில்டரை மாற்றினேன். ஒன்றும் எடுபடவில்லை. "உனக்கு என்னதான் வேணும்? வாயத் திறந்து சொல்லேன்" என்று அதனிடமே கேட்டேன். அன்று நான் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்போது சாயங்காலம் மணி நான்கு.

மறுநாள் மெக்கானிக் வந்து பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள். பெட்ரோல் சிந்தக் கூடாதென்று நான்தான் அதை வைத்து இறுக்கியிருந்தேன்.

"மூடியில ஓட்டை இருக்கிறதே காத்து போறதுக்குத்தான். அத அடைச்சிட்டா பெட்ரோல் எப்படிங்க இறங்கும்?" என்றார்.

"எதத் தொட்டாலும் உடும்புப் பிடியா மூடி வச்சிடுறீங்க" என்று நீ திட்டுவாயே, அது காதில் விழுந்தது. சிரித்துவிட்டேன். தாளை எடுத்ததும் மெஷின் நிற்காமல் ஓடியது.

அடுத்த முறை போனில் பேசும்போது அடுப்படியில் நின்றே பேசு. பாத்திரச் சத்தம் கேட்கட்டும்.

வேலைக்குப் போகும் வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. ஊரிலிருந்து கிளம்பிய அன்று நான் மூடி வைத்த மிளகு டப்பாவைத் திறக்க முடிந்ததா? முடியாவிட்டால் வேறு யாரிடமும் கொடுக்காதே. அப்படியே இருக்கட்டும், நான் வந்து திறக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்