ஞாயிற்றுக்கிழமை வகுப்பறை

14.7.1998, செவ்வாய்

தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை பார்க்கும் செல்வி, அஞ்சல்வழியில் பி.ஏ. படிப்பவள், இன்று கல்லூரிக்கு மனுவோடு வந்தாள்.

"மதுரை வகுப்புக்குப் போக வீட்டுல விடமாட்டுக்காவ சார். ஞாயித்துக்கிழம இங்கன ஒரு ரூம் தந்தா தபால்ல படிக்கிற பொண்ணுக நாங்களே கூடிப் படிச்சுக்கிடுவோம்."

"தபால்ல வாரதெல்லாம் படிப்பாம்மா?" என்று துணை முதல்வர் சிரித்தார். முதல்வரான நான் என்ன சொல்வேன் என்று அவள் என்னையே பார்த்தாள். கல்லூரியின் தரம் கெட்டுவிடும் என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"சரி சார், வாரேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

என் எம்.ஏ.வும் தபாலில் வந்ததுதான். உடன் வேலை பார்ப்பவர்களிடம் இதுவரை சொன்னதில்லை. ஓட்டப்பிடாரத்தில் வாத்தியாராக இருந்தபோது, நான் உட்கார்ந்து படிக்க ஞாயிறுதோறும் பள்ளியைத் திறந்துவிட்டவர் வாட்ச்மேன். அவர் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்றைக்குச் சாவி என்னிடம்தான் இருந்தது.