வாசலில் ஒரு வாளித் தண்ணீர்

டிரைவர் அண்ணா,

இன்று கோயமுத்தூரில் ஒருவரைச் சேர்த்துவிட்டுத் திரும்பியதும் புது டிரைவர் வேனைக் கழுவ வாளியில் ஃபினாயிலைக் கரைத்தான். அந்த வாசம் வந்ததுமே உங்கள் மேல் எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தவர் மேல் கோபப்படக் கூடாதென்பார்கள். என்னால் முடியவில்லை.

முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் நம் ஆஸ்பத்திரியின் பழைய வேன் கிளம்பும். பருத்தி ஜின்னிங் மில்லில் கை போனவர், சாயப்பட்டறையில் வெந்தவர் எல்லாரையும் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு நாம்தான் கொண்டுபோனோம். நர்ஸ் நான், ஓட்டுவது நீங்கள். திரும்பியதும் என் வீட்டு வாசலில் நின்று, "அம்மிணிக்குத் தண்ணி எடுத்து வையுங்க, தலைக்கு ஊத்தாம உள்ளே உடாதீங்க" என்று என் அம்மாவை ஏவுவீர்கள்.

கை போன மில்காரரைச் சேர்த்துவிட்டு வந்த அன்று நான் கேட்டேன்:

"ஏனுங்கண்ணா, எழவு ஊட்டுக்குப் போனாத்தானுங்க ஊத்தோணும்? அவருதான் பொழைச்சுட்டாரே."

"அவரு பொழைச்சுட்டாருங்க. பார்த்தது நாமதானே அம்மிணி."

அன்று நான் ஊற்றிக்கொண்டதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரி, மில்காரர் முடிந்துபோனார் என்று அவர் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் மனைவி தெருவில் விழுந்து அழுதாள். "கஞ்சி குடிச்சுட்டு இருக்காருங்க" என்று நீங்கள் சத்தியம் செய்தும் நம்பவில்லை. அவளை ஏற்றிக்கொண்டு மறுபடி கோயமுத்தூர் போனோம். அதற்குப் பிறகாவது விட்டீர்களா? எனக்குக் கடுப்பாக இருந்தது. ஆனால் ஊற்றிக்கொண்டால் தூக்கம் வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

சாயப்பட்டறையில் வெந்த ஒரு பெண் அவிநாசி ரோட்டில் என் மடியிலேயே போனாள். அன்றும் எனக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு, "நான் வண்டி கழுவோணுங்க" என்று ஃபினாயில் வாளியோடு நழுவினீர்கள். அப்புறம் அந்த ரோட்டுப் பக்கமே போகவில்லை. வலியில் துடிப்பவர்களையும் சுற்றுவழியில் கொண்டுபோனீர்கள். கேட்டால், "ரோடு சரியில்லீங்க." தினமும் போன ரோடு, என்னிடமே அந்தக் கதை.

உங்கள் மனைவி இறந்துபோனபிறகு அந்த வீட்டில் தண்ணீர் எடுத்து வைக்க ஆளில்லை. எங்கள் வாசலிலேயே ஊற்றிக்கொள்ளுங்கள் என்று எத்தனை தரம் கெஞ்சினேன்? "நமக்கென்னங்க, ஓட்டறவன். திரும்பியே பார்க்கறதில்லை." உங்கள் கண் பின்னால் காட்டும் வேன் கண்ணாடியிலேயே இருந்ததை நான் பார்க்கவில்லையா? கடைசியில் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனீர்கள். பிறகு எந்த வண்டியையும் தொடவில்லை. என்ன பிடிவாதம் அண்ணா அது.

இன்று புது டிரைவரின் ஃபினாயில் வாளியைத் தள்ளி வைத்துவிட்டு வேறொன்றில் நல்ல தண்ணீர் பிடித்தேன்.

"வண்டி இருக்கட்டும். முதல்ல நீ தலைக்கு ஊத்து தம்பி."

"நான் ஓட்டறவன்தானுங்க, சிஸ்டர்."

வாளியைத் தூக்கி நானே அவன் தலையில் ஊற்றினேன்.