சரிவில் வெட்டிய குழிகள்

அன்பு மகன் லஸ்மோனோவுக்கு அம்மா துமிரா எழுதுவது. இறைவன் காவலில் நீ தைவானில் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் எல்லோரும் உயிரோடு, ஒன்றாக, கீழே பள்ளிவாசல் கூடத்தில் இருக்கிறோம். உன் மனைவி யுனியும் குழந்தையும் என் பக்கத்திலேயே படுத்திருக்கிறார்கள்.

நீ போன பிறகு அப்பா வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவில் வரிசை வரிசையாக வெட்டிவேர்ப் புல் நட்டாரல்லவா, அது ஆளுயரம் வளர்ந்து, எவ்வளவு மழை பெய்தாலும் மண் கரையாமல் தெளிந்த தண்ணீராகவே இறங்கிற்று. அந்தச் சந்தோஷத்தில், ஓடுகிற தண்ணீரையும் மண்ணுக்குள் இறக்கிவிடலாமென்று வரிசைகளுக்கு நடுவே குழிகளும் வெட்டினார். நம் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் சகிரான், "என்னண்ணே, மலைக்கே தண்ணி காட்டுறீங்களா?" என்று கேலி செய்தான். "உன் உருளைக்கிழங்குத் தோட்டம் ஆத்தோட போறப்ப வந்து பேசுடா" என்று அப்பாவும் விடவில்லை.

இந்த மாதம் மழை விடவே இல்லை. போன வெள்ளிக்கிழமை சமையலறைக் கதவு நிலையில் சிக்கிக்கொண்டது, மரம் ஊறிவிட்டதென்று நினைத்துப் பின்பக்கம் சுற்றிப் போனால் தரை பிளந்து கிடக்கிறது, என் கை நுழையும் அகலம், குழிகளை ஒட்டியே மேலே போகிறது. அப்பா ஒரு மூங்கில் கழியை உள்ளே விட்டார், முழுதும் இறங்கியும் அடி தட்டவில்லை. புல்லின் வேர் அவ்வளவு ஆழம் போயிருக்குமா என்று கேட்டேன். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததேயில்லை. "மேல்மண்ணப் புடிச்சிக்கிட்டேன் துமிரா, அடிமண்ணுக்கு நானே தண்ணி ஊத்திட்டேன். புள்ளயத் தூக்கு" என்றார்.

எங்களைக் கீழே பள்ளிவாசலில் விட்டுவிட்டு அவர் மறுபடி ஏறினார், குழிகளை மூடி, வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓடைப்பக்கம் திருப்ப. சகிரானும் மண்வெட்டியோடு கூடவே போனான். "உங்க வீடு சரிஞ்சு வந்தா என் வீட்டு மேலதானே வந்து உக்காரும், நடங்கண்ணே" என்றானாம். குழிகள் மூடியாயிற்று, வாய்க்காலுக்குப் புல் பதிக்கிறார்கள். பிளவு மட்டும் மூடவில்லை. மலை இன்னும் இறங்கவில்லை, இறங்காது என்று சொல்ல ஆளுமில்லை. ஒரு கல் உருண்டாலும் வாசலுக்கு ஓடி மேலே பார்க்கிறேன். கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கத் தாங்காமல் நேற்று நானும் ஏறிப் போனேன். அப்பா கத்தினார். பிறகு என்னைப் பாதையோரமாக நிற்கவைத்து, மலைப்பக்கம் தான் நின்றுகொண்டார்.

அப்பாவிடம் பேசும்போது குழிகளைப் பற்றிக் கேட்காதே. அந்த வீட்டில் இனி யாரும் படுக்கக்கூடாது என்று மட்டும் சொல், நீ சொன்னால் கேட்பார். வேளாவேளைக்குச் சாப்பிடு. இறைவன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

மழைச் சத்தத்தைக் கேட்டபடி,
உன் அம்மா துமிரா