பதிந்தாயிற்று என்ற பொய்

9.8.1988, செவ்வாய்

தொழுநோய்க்கான ஆறு மாத மாத்திரையும் முடிந்ததென்று சித்தேரியிலிருந்து சின்னப்பொண்ணு இன்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கம்ப்யூட்டரில் ஐந்து மாதம்தான் இருந்தது. ஒரு மாதம் வராமலே பொய் சொல்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டுவிட்டார்.

"வந்தேனுங்க. இந்தம்மாதான் தட்டுனாங்க, அப்பத்தான் கரண்டு போச்சுங்க," என்று கம்ப்யூட்டர் முன் இருந்த என்னைக் காட்டினார்.

எனக்கு நினைவிருந்தது. அன்று திரையில் 'பதிந்தாயிற்று' என்று வந்த மறுநொடி மின்சாரம் போனது. பதிவு பிளாப்பித் தட்டில் ஏறும் முன்பே என் புரோகிராம் அப்படிச் சொல்லியிருக்கிறது.

"பொய் சொன்னது என் புரோகிராம்ங்க சார்," என்றேன் டாக்டரிடம். அவர் சின்னப்பொண்ணுவின் சிகிச்சை முடிந்ததென்று கையெழுத்திட்டார்.

மாலையில் புரோகிராமை மாற்றினேன். இனி ஒவ்வொரு பதிவும் முதலில் பிளாப்பியில் தனிக் குறிப்பாக ஏறும். ஏறியதைத் திரும்பப் படித்த பிறகே 'பதிந்தாயிற்று' வரும், பிறகுதான் நோயாளிகள் பட்டியல் மாறும். நடுவில் மின்சாரம் நின்றால், கம்ப்யூட்டரை மறுபடி போடும்போது குறிப்பைப் பார்த்து மீதியை அதுவே முடிக்கும்.

பதிவின் நடுவே நானே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். பத்தொன்பது முறை பட்டியல் தப்பியது. இருபதாவது முறை, குறிப்பே பாதியில் நின்று, பாதிப் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது.

"போதும், வூட்டுக்குப் போங்க மேரி," என்றார் டாக்டர்.

போதாது. குறிப்பின் கடைசியில் ஒரு முடிவுக் குறி வேண்டும். அது இல்லாத குறிப்பை நம்பவே கூடாது. நாளை அதைச் சேர்த்துவிட்டு, ஒன்றிலிருந்து மறுபடி பிடுங்குவேன்.